ஜூபிடர் கொட்டிய மணல்

ஜேபஸ் பெல்லோ பிறந்தது ஃபால்மத் துறைமுகத்தில். பதினோரு வயதில் கப்பல் ஏறினார். நாற்பது வயதில் வலது முழங்கால் மடங்க மறுத்தபோது கரை இறங்கினார். கயிறும் கப்பியும் முடிச்சும் தெரிந்தவனுக்கு லண்டனில் இரண்டு இடத்தில் வேலை உண்டு. ஒன்று கப்பல் கட்டும் துறை. மற்றது நாடக அரங்கில் மேடைக்கு மேலே உள்ள பரண். துறையில் அவர் முழங்காலைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாம்பெத் படித்துறைக்குப் பின்னால் இருந்த வெனபிள்ஸ் அரங்கில் முழங்காலை யாரும் பார்க்கவில்லை. ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டார். சேர்த்துக்கொண்டார்கள்.

வெனபிள்ஸில் பேச்சு நாடகம் கிடையாது. மேடையில் வசனம் பேசும் உரிமை, அரசாணை பெற்ற பெரிய அரங்குகளுக்கு மட்டுமே. மற்றவர்கள் பாடலாம், ஆடலாம். வெறுமனே ஒரு வாக்கியம் பேசிவிட்டால் மறுநாள் நீதிபதி முன்னால் நிற்க வேண்டியதுதான். ஆகவே முதலாளி ஹார்ட்நல், காதுக்குக் கொடுக்க முடியாததைக் கண்ணுக்குக் கொடுத்தார். மேடையில் கடல் பொங்கும், எரிமலை தீ கக்கும், வானத்திலிருந்து தெய்வங்கள் மேகத்தில் இறங்குவார்கள்.

மேகம் ஜேபஸின் பொறுப்பு. இரண்டு பேர் உட்காரக்கூடிய பலகை, அதன் முன்னால் வெள்ளையும் பொன்னும் பூசிய கித்தான், நான்கு கயிறுகள், அவ்வளவுதான் மேகம். கயிறுகள் பரணில் உள்ள கப்பிகள் வழியாகப் போய், மேடைக்கு அடியில் இருந்த குழியில் மணல் மூட்டைகளோடு முடியும். மேகம் மேலே இருந்தால் மூட்டைகள் கீழே, மேகம் கீழே என்றால் மூட்டைகள் மேலே. இரண்டு பக்கமும் எடை ஒத்துப்போனால் குழந்தைகூட இழுத்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் எட்டு ஆள் சேர்ந்தாலும் நடக்காது.

பரண் ஏறி மூன்றாம் வருடம், நாற்பத்து மூன்று வயதில், அவர் கல்யாணம் செய்துகொண்டார். மனைவி கெசியா அதே அரங்கில் உடை தைப்பவள், விதவை. முதல் கணவனைக் கடல் கொண்டுபோயிருந்தது. சம்மதம் சொல்வதற்கு முன் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"திரும்பக் கப்பலுக்குப் போவீங்களா?"

"மாட்டேன்."

"போனீங்கன்னா நான் துறைமுகத்துல நின்னு கையாட்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

எட்டு வருடம் அந்த வாக்குக்குப் பங்கம் வரவில்லை. ஆபத்து 1788ஆம் வருடம் மே மாதம் வந்தது. புதிதாகப் போட்ட ஒரு கயிறு ஈரத்தில் ஊதி, கப்பிக்குள் சிக்கிக்கொண்டது. மேகம் நடுவானத்தில் நின்றுவிட்டது. தலைமைப் பாடகி மிஸஸ் ட்ரஸ்காட் அதில் தொங்கிக்கொண்டே பாட்டை முடித்தார். ஆனால் அவர் இறங்கி வந்து பாடவேண்டிய அடுத்த பாட்டுக்கு வழியில்லை. அறிவிப்பில் போட்ட பாட்டு நடக்காவிட்டால் லண்டன் ஜனங்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். கீழ்த்தளத்தின் முன்வரிசை பெஞ்சுகள் எல்லாம் விறகாயின.

மறுநாள் ஹார்ட்நல் அவரைக் கூப்பிட்டார்.

"பெல்லோ, உன்னை எனக்குப் பிடிக்கும். உன் மேகத்தத்தான் பிடிக்கல. இன்னொரு தரம் அது நின்னுச்சுன்னா அதப் பிரிச்சு அடுப்புக்குப் போட்டுட்டு, ஒரு மேகத்தத் துணியில வரைஞ்சு தொங்கவிட்டுடுவேன். துணி மேகத்துக்குக் காவல் வேணாம். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

ஐம்பத்தோரு வயதில், மடங்காத முழங்காலோடு, ஜேபஸுக்கு இந்தப் பரணை விட்டால் மிச்சம் இருந்தது, கால் முடியாத மாலுமிகளைச் சேர்த்துக்கொள்ளும் கப்பல் சமையலறை ஒன்றுதான். அவர் அதைக் கெசியாவிடம் சொல்லவில்லை. ஹார்ட்நலின் அறைக்கும் அவள் தைக்கும் உடையறைக்கும் நடுவில் மெல்லிய பலகைச் சுவர்தான் என்பதால் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அந்தக் கோடையின் பெரிய காட்சி 'ஜூனோவின் சமாதானம்'. வானரசன் ஜூபிடரும் அவன் மனைவி ஜூனோவும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகி, ஒரே மேகத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வானம் ஏறுவார்கள். ஜூனோ மிஸஸ் ட்ரஸ்காட். ஜூபிடர் காஸ்கின் என்ற கட்டைக் குரல்காரர். குரலைப் போலவே உடம்பும். கிரீடம் இல்லாமலே இருநூற்று ஐம்பது ராத்தல். அந்த எடைக்குத்தான் ஜேபஸ் மூட்டை கட்டியிருந்தார்.

மேகம் பரணைத் தொட்டதும் காஸ்கின் எழுந்து, தாடியையும் அங்கியையும் ஆணியில் மாட்டிவிட்டு, பின்ஏணி வழியாக இறங்கி எதிரில் இருந்த மதுக்கடைக்குப் போய்விடுவார். அதை யாரும் தடுக்கவில்லை. தடுக்கக் காரணமும் இல்லை. இந்த ஊரில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் ஜனங்கள் மறுபடி கேட்பார்கள், கேட்டால் பாடியே ஆகவேண்டும், உண்மைதான். ஆனால் கடைசிப் பாட்டை மட்டும் யாரும் மறுபடி கேட்டதில்லை. திரை இறங்குவதற்கு முன்பே பாதிப்பேர் படித்துறைக்கு ஓடியிருப்பார்கள். ஆற்றின் அக்கரைக்குப் படகு பிடிக்கிற அவசரம்.

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. கடைசிப் பாட்டுக்கு நடுவில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. கூரை ஓடுகளில் அது விழுந்த சத்தத்தில் புல்லாங்குழல் கேட்கவில்லை. மேகம் ஏறியது, பரணைத் தொட்டது. காஸ்கின் எழுந்து, "இந்த மழையில நனையாம கடைக்குப் போறவனுக்குத்தான்யா கிரீடம் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் மறைந்தார்.

கீழே ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. படகுக்கு ஓடினால் நனையவேண்டும். உள்ளே கதகதப்பாக இருந்தது. மேல்மாடியில் ஒருவன் ஆரம்பித்தான்.

"மறுபடி!"

பிறகு கீழ்த்தளம். பிறகு மாடங்களில் இருந்த கனவான்கள்கூடக் கைத்தடியால் தட்ட ஆரம்பித்தார்கள். "மறுபடி! மறுபடி!"

வாத்தியக்காரர்கள் தாள்களைத் திருப்பினார்கள். ஜூனோவும் ஜூபிடரும் வானத்திலிருந்து இறங்குவதற்கான முன்னிசை தொடங்கியது.

ஜேபஸின் கூட்டாளி ஷாட்ராக், அவரும் பழைய மாலுமி, கயிறுகளை ஓடவிடாமல் பிடித்து நிறுத்தும் தடையை விடுவித்தார். மேகம் அசையவில்லை.

"என்னண்ணே இது? கயிறு சிக்கிடுச்சா?"

ஜேபஸ் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிக்கவில்லை. பலகையைப் பார்த்தார். ஒரு பக்கம் ஜூனோ, மறுபக்கம் காலி. காஸ்கின் இல்லாத மேகம் காஸ்கினுக்காகக் கட்டிய மூட்டைகளோடு எப்படி இறங்கும்? மூட்டைகள் இப்போது மேடைக்கு அடியில், குழியின் அடியில். நான்கு ஏணி இறங்கிப் போய் அவிழ்ப்பதற்குள் பெஞ்சுகள் உடைந்துவிடும்.

"காஸ்கினக் கூப்பிடு!"

"அவரு இந்நேரம் ரெண்டாவது குவளையில இருப்பாருண்ணே."

கீழே முன்னிசை முடிந்து, இரண்டாம் முறை தொடங்கியது. கால்களால் தரையை மிதிக்கிற சத்தம் பரண்வரை ஏறியது.

மிஸஸ் ட்ரஸ்காட் திரும்பினார். மே மாதம் தொங்கியதை அவரும் மறந்திருக்கவில்லை. "மிஸ்டர் பெல்லோ, நான் தனியா எறங்கினா என்னை ஆரஞ்சால அடிச்சே கொன்னுடுவாங்க. சமாதானம் ஆன புருஷன் எங்கன்னு கேப்பாங்க. ஏதாவது பண்ணுங்க."

ஜேபஸ் நின்று யோசித்த மாதிரியே ஷாட்ராக்குக்குத் தெரியவில்லை. ஆணியில் இருந்த தாடியை எடுத்து மாட்டினார். கிரீடம் காதுவரை இறங்கியது. அங்கிக்குள் புகுந்தார்.

"நான் நூத்து நாப்பது ராத்தல். அந்த உபரி மூட்டை ரெண்டையும் கொண்டா. ஒண்ணைப் பலகைக்கு அடியில கட்டு. இன்னொண்ணு என் மடியில."

"நீங்களா? நீங்க பாடுவீங்களாண்ணே?"

"பாட்டப் பத்தி அப்புறம் பாக்கலாம். முதல்ல எறங்கட்டும்."

மூட்டையை மடியில் வைத்து அங்கியை மேலே இழுத்துவிட்டார்கள். பார்ப்பதற்கு ஒரு தொந்தி கிடைத்தது. ஷாட்ராக் தடையை விடுவித்தார். மேகம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அசைந்து, மெல்ல இறங்கியது.

மெழுகுவர்த்தி வெளிச்சம் முகத்தில் அடித்ததும் ஜேபஸ் மடி மூட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். புயலில் பாய்மரத்தின் உச்சியில் நின்றிருக்கிறார். ஆனால் அங்கே ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"வாய மட்டும் திறந்து மூடுங்க," என்றார் மிஸஸ் ட்ரஸ்காட், உதடு அசையாமல். "மீதிய நான் பாத்துக்கறேன்." பாடத் தொடங்கினார். ஜூபிடரின் முறை வந்தபோது ஜேபஸ் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. வாத்தியக்குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார், புரிந்துகொண்டார், கட்டைக் குழல் வாசிப்பவரைத் தன் பிடில் வில்லால் சுட்டினார். ஜூபிடரின் பாட்டைக் குழல் வாசித்தது.

மேல்மாடி விடவில்லை.

"ஏய், ஜூபிடர் இளைச்சுட்டாருடா!"

"சமாதானம் ஆகி அஞ்சு நிமிஷந்தான் ஆச்சு, அதுக்குள்ளயா?"

"மழையில சுருங்கிட்டாருப்பா!"

சிரிப்பு எழுந்தது. ஜேபஸ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கடலில் காற்றின் குரலைக் கேட்டு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லத் தெரிந்தவர். இது பெஞ்சு உடைக்கிற சிரிப்பா, உடைக்காத சிரிப்பா என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் மூட்டையின் தையல் விட்டது. அங்கியின் கீழிருந்து மணல் ஒரு நூலாக ஒழுகத் தொடங்கியது.

"அடேய்! கடவுள் ஒழுகுறாருடா!"

மேடையில் நதிப்பெண்களாக நின்றவர்களில் ஒருத்தியின் தலையில் மணல் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. நகரவில்லை. பாடிக்கொண்டே இரண்டு கைகளையும் குவித்து மேலே நீட்டி, வரம் வாங்குகிறவள்போல அதை ஏந்தினாள். பக்கத்தில் நின்றவளும் ஏந்தினாள். பிறகு எல்லாரும். நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகளின் வெளிச்சத்தில் தேம்ஸ் கரை மணல் பொன்தூளாக இறங்கியது.

சிரிப்பு நின்றது. ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும். பிறகு கீழ்த்தளம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது.

மேகம் ஏறும்போது ஜூபிடர் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே போனார். மேகம் அதற்கேற்பத் துள்ளப் பார்த்தது. ஷாட்ராக் தடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு முழமாக விட்டார். பரணைத் தொட்டபோது முட்டவில்லை, குலுங்கவில்லை. மிஸஸ் ட்ரஸ்காட் ஜேபஸின் கன்னத்தில், அதாவது தாடியில், ஒரு முத்தம் கொடுத்தார்.

"இதுவரைக்கும் எனக்குக் கிடைச்ச ஜூபிடர்லயே வாயத் தொறந்து என் பாட்டக் கெடுக்காதவரு நீங்க ஒருத்தர்தான்."

ஏணியில் கனமான காலடி கேட்டது. ஹார்ட்நல். ஜேபஸ் பலகையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் எழவிடவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"தப்பு என்னுதுங்க ஐயா. மேகம் எறங்காமப் போகட்டும்னு நானே மூட்டை கட்டி வச்ச மாதிரி ஆயிடுச்சு. கைதட்டல் அடங்கறவரைக்கும் காஸ்கின எழுந்திருக்க விட்டிருக்கக் கூடாது."

ஹார்ட்நல் மூச்சு வாங்கினார். "மேகம் நின்னுச்சா?"

"நடுவுல நிக்கலைங்க. கிளம்பத்தான் லேட்டாச்சு."

"பெஞ்சு ஒடைஞ்சுதா?"

"சத்தம் எதுவும் கேக்கலைங்க."

"ஒடையல. நான் பாத்துட்டுத்தான் ஏறி வர்றேன். ஒண்ணுகூட ஒடையல." முதலாளி ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்தார். அவருக்கும் அன்று உயிர் போய்த்தான் வந்திருந்தது. "அந்தத் தாடியக் கழட்டுய்யா. அத மாட்டிக்கிட்டு இருக்கறவர்கிட்ட எனக்குத் திட்ட வரல. திங்கக்கிழமையிலேருந்து காஸ்கின் பாட்டு முடிஞ்சும் பலகையிலயே இருக்கணும். பீர வேணா மேல கொண்டாந்து குடு. பெல்லோ, மேகம் உன்னுது. இனிமே அடுப்புப் பேச்சு எடுக்க மாட்டேன்."

பின்வாசலில் கெசியா தையல் பையோடு நின்றிருந்தாள். மேடையைப் பார்த்தபடி இருந்த உடையறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அங்கியின் கீழே தார் பூசிய செருப்பைப் பார்த்த உடனேயே அது யார் என்று தெரிந்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"கப்பலா?"

"இல்ல கெசியா. இங்கதான்."

அவள் ஈரப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவாடை நனைந்தது. முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள். "வானரசன் வாயத் தொறந்து மூடினது, கரையில போட்ட மீன் மாதிரியே இருந்துச்சு" என்றாள். ஜேபஸும் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காருவதற்கு அவருக்கு நேரமாகும். மழை விட்டிருந்தது. ஆற்றில் படகோட்டிகள் ஆளைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் பதினோரு கோடைகள் ஜேபஸ் அந்தப் பரணில் வேலை பார்த்தார். மேகம் ஒருநாளும் நிற்கவில்லை. யாரும் மேடைக்கு இறங்கி வரச் சொல்லி அவரைக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். அந்த ஆகஸ்ட் இரவுக்கு மறுநாள், ஞாயிறு காலை மட்டும், கரை இறங்கிய நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். லாம்பெத் கோயில் மணி அடித்து ஓய்ந்து, பிரசங்கம் முடிந்து, ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோதும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கெசியா எழுப்பவில்லை. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, ஆட்டிறைச்சியை அடுப்பில் ஏற்றினாள்.