ஊறிய மொச்சை

இன்று காலை, இரவு ஊறப்போட்ட மொச்சை பாத்திரத்தின் மூடியைத் தூக்கியிருந்தது. மருமகள் சிரித்தாள். நான் அவசரமாகப் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தேன்.

நான் சிறுமியாக இருந்த யுத்தகாலம். திருத்தணியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் நைனா காய்ந்த மொச்சை மூட்டைகளைக் கூரைவரை, சுவரோடு சுவராக நெருக்கி அடுக்கிப் பதுக்கியிருந்தார். ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. நைனா அரக்கோணம் போயிருந்தார். பின்னறைக் கூரை ஒழுகியது எங்களுக்குத் தெரியாது.

அந்த அறையை ஒட்டிய மண்சுவர் ஓரமாக அம்மா, பிறந்து பத்து நாளான தம்பியோடு படுத்திருந்தாள். மத்தியானம் சுவருக்குள் ஏதோ முனகியது.

"அம்மா, செவுரு முனகுது."

"பெருச்சாளி ஓடிகினு இருக்கும், போடி."

தொட்டுப் பார்த்தேன். சுவர் ஈரமாகச் சில்லிட்டு, வயிறுபோலப் புடைத்திருந்தது. பயந்துபோய், திண்ணையில் இருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அவர் பின்னறைக் கதவைத் திறந்தார். உப்பிய கோணிகளின் தையல் பட் பட்டென்று தெறித்துக்கொண்டிருந்தது.

ஓடிவந்து சுவரில் முதுகைக் கொடுத்து நின்றார்.

"அண்ணி, கொழந்தைய தூக்கிகினு வெளிய போங்க! மொச்ச ஊறி செவுத்த தள்ளுது!"

அம்மாவால் வேகமாக எழ முடியவில்லை. நான் தம்பியை வாங்கிக்கொண்டேன். நாங்கள் வாசலைத் தாண்டியதும் சுவர் விழுந்தது.

தெருவே கூடி மண்ணையும் மூட்டைகளையும் விலக்கியபோது சித்தப்பாவுக்கு உயிரில்லை.

அந்த முனகலை நான் அன்று காலையிலேயே பின்னறைக் கதவருகில் கேட்டிருந்தேன். பின்னறைப் பக்கம் போனது தெரிந்தால் நைனா அடிப்பார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.