வீரையன் அண்ணன் லிவர்பூல் கட்சியில் சேர்ந்த கதை

இங்கிலாந்துக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஒரு டீமைப் பிடியுங்கள். பிடித்தபின் விடாதீர்கள். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தானாக வந்துவிடும். கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருந்து நான் கொண்டுவந்த சொத்து ஒரு முதுகுவலி, அப்புறம் இந்த ஞானம். மன்னார்குடி ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். பேர் ஜெகபர் அலி. என் டீம் ஆர்சனல். அதைப் பற்றிக் கேட்காதீர்கள், வயிறு எரியும்.

என்னிடம் பாடம் கேட்டவர்கள் பலர். ஜெயிக்கிற டீம் எது என்று கேட்டு அந்த வாரத்துக்கு மட்டும் அதில் சேருகிற பயல்கள்தான் முக்கால்வாசி. கடைசிவரை ஒழுங்காக நின்றவர் வீரையன் அண்ணன். அறுபதைத் தாண்டிய விவசாயி. தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக்கரை மாறுகிற எங்கள் ஊரில், அந்தத் துண்டு மட்டும் நிறம் மாறியதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா காத்தான் பண்ணையாளாக இருந்தவர். கழகம் முதல்முறை ஆட்சிக்கு வந்த சமயம், கூலி நெல் கூடுதலாகக் கேட்டுச் செங்கொடி பிடித்தார். பண்ணையார் அனுப்பிய ஆட்கள் வந்து குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். சட்டி பானை தெருவில் உருண்டது. அண்ணன் அப்போது சின்னப் பையன். அடைகாத்துக்கொண்டிருந்த கோழியையும் கூடையோடு தூக்கி வெளியே வைத்தார்கள் என்பதைத்தான் இன்றைக்கும் முதலில் சொல்வார்.

பிறகு போராட்டம், பேச்சுவார்த்தை, சட்டம் என்று காலம் மாறியது. குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. அதே பண்ணையில் ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகைக்கும் கிடைத்தது. ஆனால் வாய்ச்சொல் குத்தகை. காத்தான் உழுது, அவருக்குப்பின் மகன் உழுது, இன்னமும் தாலுகா ஆபீசில் குத்தகைக்காரன் என்று இவர்கள் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறாதவனை எந்த நாளும் ‘எழுந்திரு’ என்று சொல்லிவிடலாம்.

சொல்லக்கூடியவர் அந்தப் பண்ணையாரின் பேரன் டாக்டர் துரைராசு. இங்கிலாந்தில் லிவர்பூல் என்ற ஊரில் ஆஸ்பத்திரி டாக்டர். வருகிற மே மாதம் ஊருக்கு வந்து நிலத்துக்கு ஒரு முடிவு கட்டப்போகிறார் என்று செய்தி வந்தது. மனைத் தரகர் சாமிதுரை அதற்குள் அந்த ஆறு மாவை பிளாட் போடுவதற்கு நூல் பிடித்துப் பார்த்துவிட்டார்.

அந்த ஆவணியில் ஒருநாள் அண்ணன் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாய், டாக்டருக்குப் பந்தாட்டம்னா உசுராம். பண்ணை வீட்டைப் பாத்துக்கிற ஆளு சொன்னான். அவசரமா போன் பண்ணாக்கூட, மேட்ச் முடியட்டும்ங்கிறாராம். எனக்கு அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. போன உடனே நிலத்தைப் பத்திப் பேச முடியாது. பேச்சு ஆரம்பிக்கறதுக்கு ஒண்ணு வேணும்ல?”

லிவர்பூல் டாக்டர் என்றால் லிவர்பூல் டீம்தானே இருக்கும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். செல்லில் அவர்கள் ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அண்ணன் தன் துண்டைப் பார்த்தார், செல்லைப் பார்த்தார். “இது நம்ம கட்சி பாய்,” என்றார். சேர்ந்தாயிற்று.

பாடம் நடந்தது. மேல் லீக்கில் இருபது டீம். ஒவ்வொன்றும் மற்ற எல்லோரோடும் இரண்டு முறை ஆட வேண்டும், நம் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. “மறுவீடு போற மாதிரி,” என்றார். ஜெயித்தால் மூன்று பாயிண்ட், சமம் என்றால் ஒன்று. கோப்பைப் போட்டிகள் தனிக் கணக்கு, அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஆஃப்சைடுதான் என்னை அழவைத்தது. மேசையில் சார்ஜர், ஹெட்போன் எல்லாம் அடுக்கி விளக்கினேன். கடைசியில் அவரே முடித்துவைத்தார். “பந்து வர்றதுக்கு முந்தியே அங்க போய் நிக்கக்கூடாதுங்கிறீங்க. ஆத்துல தண்ணி வர்றதுக்கு முந்தியே நாத்து விட்டுட்டு நிக்கிற மாதிரி.” கத்தாரில் எனக்கு இதை விளக்கிய மலையாளிகூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

வம்பு வந்தது கீழே இறங்குகிற விஷயத்தில்.

“வருஷக் கடைசியில பட்டியல்ல கடைசி மூணு இடத்துல நிக்கிற டீமைக் கீழ இறக்கிடுவாங்கண்ணே,” என்றேன்.

“யாரு இறக்குறது? ஆளு வருவாங்களா?”

“ஆளெல்லாம் வராது. கீழ் லீக்குக்குப் போயிடணும்.”

“கிரவுண்டைப் பூட்டிடுவாங்களா?”

“இல்லண்ணே, கிரவுண்டு அவங்களோடதுதான். ஆடுற லீக்குதான் மாறும். அடுத்த வருஷம் நல்லா ஆடினா மேல வந்துடலாம்.”

“திரும்பி வர வழி இருக்கா? அப்பச் சரி,” என்று பெருமூச்சு விட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க ஆரம்பித்தார். உலகமே யார் முதலிடம் என்று பார்க்கும். இவர் வந்து, “அந்தப் பதினெட்டாவது ஆளு எப்படி இருக்கான்?” என்பார். எதிரி டீம் இறங்கினால் கொண்டாடணும், அதுதான் ரசிகனுக்கு அழகு என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். தலையாட்டுவார். அடுத்த வாரம் மறுபடியும் அந்தப் பதினெட்டாவது ஆளு.

மற்றபடி மனிதர் முழுசாக லிவர்பூல்காரர் ஆகிவிட்டார். சம்பா நடவில் நின்றுகொண்டு ஸ்கோர் கேட்டு போன் பண்ணுவார். ஒருமுறை லிவர்பூல் தோற்ற அன்று சாப்பிடவில்லை என்று அவர் மனைவி பொன்னுத்தாய் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டது. “நிலத்துக்காகப் போன மனுஷனை பந்துப் பைத்தியமா ஆக்கிட்டீங்களே பாய்!” நான் என்ன செய்வேன்?

மே மாதம் டாக்டர் வந்து இறங்கினார். பண்ணை வீட்டுக் கொடியில் அவருடைய சட்டைகள் காய்ந்ததைச் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். எல்லாம் நீலம். நெஞ்சில் ஒரு கோபுரச் சின்னம். அந்த ஊரில் இரண்டு டீம் உண்டு. நீலம் எவர்டன். லிவர்பூலுக்குப் பரம வைரி. அதுவும் அந்த வருஷம் எவர்டன் கீழே இறங்குவதா தப்பிப்பதா என்று கடைசி ஆட்டம்வரை தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். “ஒரே ஊர்க்காரங்கதானே பாய், அதுக்கென்ன?” என்றார்.

“ரெண்டு கிரவுண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு பார்க்குதாண்ணே. அவ்வளவு பக்கம். அதான் பகை.”

“ஓ, வரப்புத் தகராறா?” அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் விழுந்துவிட்டது.

“ஒருநாளைக்கு மட்டும் நீலத்துக்கு மாறிடுங்கண்ணே. நம்ம ஊர்ல கூட்டணி மாறுறது புதுசா என்ன? நிலம் கைக்கு வந்ததும் சிவப்புக்குத் திரும்பிடலாம்.”

“பிடிச்சா விடக்கூடாதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான். இப்ப நானே சொல்றேன், விட்டுடுங்க.”

“போங்க பாய்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நிலத்துக்காகப் பந்தாட்டம் கற்றுக்கொண்ட மனிதர், பந்தாட்டத்துக்காக நிலத்தை விடப் பார்க்கிறார்.

எவர்டனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் டாக்டர் வரச்சொன்னார். துணைக்கு நானும் போனேன். சாமிதுரை முன்னமே வந்து, புத்தம்புது நீலச் சட்டையில், ஸ்வீட் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார். “நமக்கு எவர்டன்தான் சார் உசுரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றுக் காலைவரை அந்த ஆளுக்கு எவர்டன் என்பது பெயிண்டா பிஸ்கட்டா என்று தெரியாது.

டாக்டர் அண்ணனைப் பார்த்து, “உக்காருங்க,” என்று நாற்காலியைக் காட்டினார். அந்த வீட்டில் காத்தான் நின்ற இடம் வாசலுக்கு வெளியே. அண்ணன் ஒரு கணம் தயங்கிவிட்டு, நன்றாகவே உட்கார்ந்தார்.

“நீங்களும் ஃபுட்பால் பாக்குறீங்களாமே. எந்த டீம்?”

நான் அண்ணனின் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

“லிவர்பூலுங்க.”

சாமிதுரை சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. முகம் இறுகியது, பிறகு விளையாட்டாகத் தளர்ந்தது. “உங்க டீம் கதை தெரியுமா? நீங்க ஆடுற அந்த கிரவுண்டு முதல்ல எங்களோடது. எங்க எவர்டன் அதுல வாடகைக்கு ஆடிட்டிருந்தது. கிரவுண்டுக்காரரோட வாடகைத் தகராறு. எங்க ஆளுங்க வெளியேறி, பார்க்குக்கு அந்தப் பக்கம் போய்ப் புதுசா கிரவுண்டு போட்டாங்க. காலியாக் கிடந்த இடத்துல ஆடுறதுக்கு அந்த கிரவுண்டுக்காரர் உண்டாக்குன டீம்தான் லிவர்பூல். நூத்துமுப்பது வருஷம் ஆச்சு. இன்னும் எங்களுக்கு ஆறல.”

எனக்கே தெரியாத கதை. அண்ணன் கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “அப்ப நீங்க குத்தகைக்காரன் கட்சி. நான் மிராசுதாரர் கட்சியா?”

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்து டாக்டர் கேட்டார். “உண்மையச் சொல்லுங்க. நாளைக்குத் தோத்தா நாங்க கீழ இறங்கினாலும் இறங்கிடுவோம். லிவர்பூல்காரர் நீங்க, சந்தோஷப்படுவீங்கதானே?”

“இல்லீங்க.”

“ஏன்?”

“ஒருத்தரை வெளியேத்துறதைப் பாத்துச் சந்தோஷப்பட எங்க வீட்ல யாருக்கும் பழக்கமில்லீங்க. எனக்கு வெவரம் தெரிஞ்ச வயசுல, அடைக்கோழியைக் கூடையோட தூக்கி ரோட்டுல வெச்சாங்க. அதுலேருந்து எவன் இறங்கினாலும் எனக்கு அந்தக் கோழிதான் ஞாபகம் வரும். உங்க டீம் தப்பிக்கணும்னு ஆறு மாசமா நெனச்சிட்டிருக்கேன். பாயைக் கேளுங்க.”

யார் தூக்கி வைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டர், “நாளைக்குப் பேசுவோம்,” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். சாமிதுரை ஸ்வீட் பாக்ஸை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் விழித்தார்.

வழியெல்லாம் நான் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன். காரியம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். “பேச்சு ஆரம்பிக்க வழி கேட்டீங்க, இருந்த வழியையும் அடைச்சிட்டு வர்றீங்க!” வீட்டு வாசலில் பொன்னுத்தாய் நின்றிருந்தது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மறுநாள் ஆட்டத்தை என் கடையில்தான் பார்த்தோம். சிவப்புத் துண்டு போட்ட ஒருவர், நீலச் சட்டை டீமுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்த காட்சியை உலகத்தில் வேறு எங்கும் பார்த்திருக்க முடியாது. எவர்டன் ஒரே ஒரு கோல் போட்டது. அதைக் கடைசிவரை காப்பாற்றியது. விசில் ஊதியதும் அண்ணன், “பொழச்சாங்க,” என்று சுவரில் சாய்ந்தார். ஆர்சனல்காரனான எனக்கும் ஏனோ உடம்பெல்லாம் லேசானது.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் போன் அடித்தது. டாக்டர். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. “தப்பிச்சிட்டோம் வீரையன், தப்பிச்சிட்டோம்!” அப்புறம் குரல் மாறியது. “நாளைக்குக் காலைல தாலுகா ஆபீசுக்கு வந்துடுங்க. குத்தகையை உங்க பேருல பதிஞ்சிடலாம்னு நானே வந்து சொல்றேன். எங்க தாத்தா பண்ணதுக்கு என்னால வேற ஒண்ணும் பண்ண முடியல.”

டாக்டரை தர்மப்பிரபு என்று நான் எழுத மாட்டேன். இத்தனை வருஷம் உழுதவன் பெயர் பதிவாவது தர்மமில்லை, சட்டம். எப்போதோ நடந்திருக்க வேண்டியது. ஆனாலும் வந்தார், சொன்னார், கையெழுத்துப் போட்டார். தாலுகா ஆபீசில் நீலச் சட்டையையும் சிவப்புத் துண்டையும் மாறிமாறிப் பார்த்த எழுத்தர், “ரெண்டு பேரும் எதிர்க்கட்சி மாதிரி தெரியுது, ஒண்ணா வந்திருக்கீங்க?” என்றார். “ஒரே ஊர்தாங்க, நடுவுல ஒரு பார்க்கு,” என்றார் அண்ணன். எழுத்தருக்கு ஒன்றும் புரியவில்லை.

விசாரணையெல்லாம் முடிந்து, குறுவை நாற்று பச்சை கட்டியபோது உத்தரவு வந்தது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாய், இனிமே யாரும் நினைச்சபடி என்னை வெளியேத்த முடியாதுல்ல?”

“முடியாதுண்ணே.”

“டாக்டர் புள்ளைங்க வந்து கேட்டாலும்?”

“கேட்டாலும்.”

போனை எடுத்துப் பொன்னுத்தாய்க்குப் போட்டார். நிலம், பதிவு, உத்தரவு என்று எதுவும் சொல்லவில்லை. “நாம கீழ இறங்கலடி,” என்றார். பந்தாட்டம் என்றாலே ஆகாத அந்த மனுஷிக்கு அது எப்படிப் புரிந்ததோ, போனில் அழுத சத்தம் எனக்கே கேட்டது.