ஆணிபிடுங்கியின் கைவேலை

காப்புக்காட்டுப் பாறைகளில் ஏறுகிறவர்கள் கயிறு மாட்டுவதற்காக விதியை மீறி அடித்த ஆணிகளைப் பிடுங்கி, துளையைக் கல்பொடிப் பசையால் தடம் தெரியாமல் அடைப்பதே அந்த வனக்காவலரின் வேலை. பதினெட்டு வருஷத்தில் 'ஆணிபிடுங்கி' என்ற பட்டம்தான் மிச்சம்.

கழுகு முட்டையிடும் மாதங்களில் ஏறவே கூடாத பாறையில், ஒரு மலையேற்ற வழிகாட்டி துளை போட்டு ஆணி அடித்தான். அந்தச் சத்தத்தில் தாய்க்கழுகு கூட்டை விட்டுப் பறந்துவிட்டது. கொதித்துப்போன காவலர், கை பழகிய பழக்கத்தில் எல்லாவற்றையும் பிடுங்கி அடைத்துவிட்டுத்தான் புகார் எழுதினார்.

விசாரிக்க வந்த அதிகாரி பாறையைத் தடவினார். "துளை எங்கய்யா?"

"அடைச்சுட்டேங்க. ஆணி இந்தா இருக்கு."

"ஆணி கடையிலயும்தான் இருக்கு."

வழிகாட்டி சிரித்தான். "அண்ணே, உங்க வேலை சுத்தம். நானே தேடுறேன், கிடைக்கல."

அவன் உரிமம் தப்பியது. மேலே கூட்டில் இரண்டு முட்டைகள் குளிர்ந்து கிடந்தன.