டீச்சரின் அளவு

தெருவில் அவளுக்குப் ‘பூட்டக்கா’ என்று பெயர். தையற்கடை வைத்திருப்பவளுக்கு ஏன் இந்தப் பட்டம்? தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் எழுவாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது எதிரே யார் நின்றாலும், புருஷனே நின்றாலும், “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க” என்பாள். “அதுக்குள்ள என்ன, அரண்மனை நகையா இருக்கு?” என்று கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்துவிட்டது.

நகை இல்லை. தெருவில் பாதிப் பெண்களின் உடம்பு அதற்குள் இருந்தது. யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கியது, வயிற்றுப் பக்கம் தளர்த்தச் சொன்னவள் யார், அதை இன்னும் வீட்டில் சொல்லாதவள் யார், எல்லாம் அங்கே எண்களாக இருந்தன. அளவு நாடாவைக் கையில் எடுத்துவிட்டால் தானும் ஒரு டாக்டர் மாதிரிதான் என்பது அவள் எண்ணம். கொஞ்சம் கர்வம்தான், ஆனால் நியாயமான கர்வம்.

எதிர்வீட்டு டீச்சரின் அளவும் அதில் இருந்தது. நோய் வந்து, ஆபரேஷனில் அவருடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். டாக்டருக்கும் டீச்சரின் கணவருக்கும் அடுத்தபடி அது தெரிந்தவள் அக்காதான். காதும் காதும் வைத்தாற்போல, ஒவ்வொரு சட்டையிலும் இடது பக்கம் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பாள். கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதும்போது ஒரு கண்ணும் அங்கே போய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் டீச்சர் கேட்டது.

பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும் கொழுந்தன் புதியது வாங்கிவந்து எல்லாம் சரிசெய்து கொடுத்தான். “நீங்க என்ன சேத்து வெச்சாலும் ஆன்லைன்ல தானா ஒரு காப்பி போயிடும் அண்ணி. இது கெட்டாலும் ஒண்ணும் போகாது.” காப்பி எந்தக் கணக்குக்குப் போகிறது என்று அவள் கேட்கவில்லை. அது குழந்தை ஃபோட்டோவெல்லாம் போட்டு வைக்கிற குடும்பக் கணக்கு. வீட்டில் எல்லார் ஃபோனிலும் திறந்தே கிடந்தது.

ஒரு மத்தியானம் நாத்தனார் வந்தாள். டீச்சரின் பள்ளியிலேயே ஆபீஸில் வேலை அவளுக்கு. நல்ல மனசு. வாயில்தான் எதுவும் தங்காது.

“அண்ணி, பையன் ஃபோட்டோவைத் தேடினா உங்க அளவெல்லாம் வந்து நிக்குது. டீச்சருக்கு இடது பக்கம் மட்டும் பஞ்சுன்னு போட்டிருக்கீங்களே, ஏன்?”

அக்கா மெஷினை நிறுத்தினாள். “யார்கிட்டயாவது சொன்னியா?”

“சேச்சே! அம்மாகிட்ட மட்டும்தான் கேட்டேன். அப்புறம் ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல...” நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “பேரு சொல்லல அண்ணி. எதிர்வீட்டு டீச்சர்னுதான் சொன்னேன்.”

நல்லவேளை, பேரைச் சொல்லவில்லையாம்!

அக்கா கொழுந்தனை ஃபோனில் பிடித்தாள். அவன் சொல்லச் சொல்லக் குடும்பக் கணக்கைக் கழற்றினாள், ஆன்லைனில் இருந்த காப்பியை அழித்தாள், தனக்கென்று வேறு கணக்கும் புது பாஸ்வேர்டும் வைத்தாள். “முடிஞ்சுது அண்ணி, இனிமே யாரும் பாக்க முடியாது” என்றான். ஃபோனில் இருந்ததை அழித்தாயிற்று. பக்கத்து சீட்டுக்காரியின் மண்டையில் இருப்பதை எப்படி அழிப்பது?

டீச்சரிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. பேச்சு அமுங்கிப் போகலாம். ஆனால் பள்ளியில் எவளோ டீச்சரின் மார்பைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்புவதும், காரணம் புரியாமல் டீச்சர் நிற்பதும் அவள் கண்முன்னே வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அக்கா சாக்குப்போக்கு சொல்லவில்லை, கொழுந்தனையும் இழுக்கவில்லை. “என்னாலதான் வெளிய போச்சு டீச்சர்” என்று ஆரம்பித்து, யார் யாருக்குத் தெரியும் என்பது வரை சொல்லி முடித்தாள்.

டீச்சர் பேனாவை மூடினார். முகத்தில் கோபம் நன்றாகவே தெரிந்தது.

“அதை எதுக்குப் பதிஞ்சு வெச்சீங்க?”

“மறந்துடக் கூடாதுன்னு.”

“மறந்தா என்ன? எதிர்ல தானே இருக்கேன்? மறுபடி அளந்துக்க வேண்டியதுதானே?”

எப்படிப் பூட்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்த அக்கா, வைக்கவே வேண்டாமே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிலிருந்தும் டீச்சரின் அளவை முழுதாக அழித்தாள். டீச்சர் கடைப் பக்கமே வரவில்லை. வேறு கடை பார்த்துவிட்டார் என்று முடிவு கட்டி, மெஷினில் உட்கார்ந்தபடியே அழுதாள்.

பிறகொரு மாலை துணிப் பையோடு டீச்சர் வந்து நின்றார்.

“ஆபீஸ்ல ஒருத்தி கேட்டுட்டா. ஆமா, எடுத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். நீங்க முன்னாடியே வந்து சொல்லலைன்னா அங்கயே உடைஞ்சு போயிருப்பேன்.”

அக்கா நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டீச்சர் திரைக்குப் பின்னால் போய்க் கைகளை உயர்த்தினார்.

“எடுங்க. பஞ்சு எப்பவும்போலத்தான். ஆனா எங்கயும் ஏத்த வேண்டாம்.”

அக்கா அளந்தாள். எண்களை முணுமுணுத்துக்கொண்டே வந்து, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியை விரித்து வெட்டினாள்.