சிப்பி மேட்டில் கிடந்தவள்

போன சனிக்கிழமை ஜார்ஜ்டவுனில் ஒரு கொய்தியாவ் நூடுல்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் வாளி நிறைய கெராங் சிப்பிகளைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். சேறும் உப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு முழங்கால் வலித்தது. சிரிக்காதீர்கள். பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலையே, பழஞ்சிப்பிகளின் மேல் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டுவதுதான். இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் உருப்பெருக்கி வழியாகக் கணினிச் சில்லுகளைப் பார்க்கிறேன். அன்றும் இன்றும் குனிந்து பார்க்கிற பிழைப்பு. இங்கே ஏர்கான் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடம் நிபோங் திபாலுக்கு வெளியே, செம்பனை மரங்களை வெட்டிச் சாய்த்த நிலம். தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, கட்டப்போகிறார்கள் என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். புல்டோசர் ஒரு மேட்டைக் கீறியபோது வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள் சரிந்து விழ, வேலையை நிறுத்திவிட்டு எங்கள் தொல்லியல் குழுவை அழைத்தார்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் அவ்வளவு உள்ளே இருந்ததாம். அங்கே குடியிருந்தவர்கள் தின்றுபோட்ட சிப்பிகள்தான் அந்த மேடு. மழைக்காலத்துக்குள் தோண்டி முடித்துவிட வேண்டும் என்பது பேச்சு. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை.

ஊர் என்றதும் நான் சுவரையும் படிக்கட்டையும் தேடினேன். எங்கள் தலைவர் டாக்டர் ரொஹானா தரையில் ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினார். எவரோ சிகரெட்டை அணைத்த இடம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கம்பம் நட்ட குழியாம். மரம் மக்கிப்போய் அதன் நிறம் மட்டும் மண்ணில் தங்கியிருந்தது. அந்த வட்டங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கப் பழகிய பிறகு எனக்கு வேறெதுவும் பிடிக்காமல் போயிற்று. பஸ்ஸில் போகும்போதுகூட ஜன்னல் வழியே மண்ணைத்தான் பார்ப்பேன்.

ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து மேரி அக்காவும் அவர் கணவர் அந்தோணியும் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அந்தத் தாமானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார்கள். அதுவரை பட்டர்வொர்த்தில் மாமியார் வீட்டின் ஒற்றை அறையில் குடித்தனம். அக்கா ஆறு மாதக் கர்ப்பிணி. தோண்டும் இடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்களை அதட்டுவார்.

“நீங்க இப்படியே பிரஷ்ஷால கூட்டிக்கிட்டு இருந்தா, என் புள்ள ஸ்கூலுக்கே போயிரும் லா!”

நான் அசட்டுத்தனமாகச் சிரிப்பேன். அடுத்த வாரம் அவரே எங்களுக்கு ஒரு பை நிறையப் பலகாரம் கொண்டுவருவார்.

மேட்டின் வடக்கு ஓரத்தில் அந்த எலும்புக்கூடு தெரிந்தது. முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, குளிரில் தூங்குகிறவரைப்போலக் கிடந்தது. பெண் என்றார் டாக்டர். வீடு கட்டும் நிறுவனத்திலிருந்து அன்றே ஒருவர் வந்து, விஷயம் வெளியே போகக்கூடாது, வாங்கியவர்கள் மிரண்டுவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அதன்மேல் கித்தான் கட்டி மறைத்தோம்.

அந்த ஞாயிறு மேரி அக்கா கித்தானைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, நெசத்தச் சொல்லு. எலும்பு கெடச்சிருக்கா?”

நான் டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகமே கேள்வியை மொழிபெயர்த்திருக்க வேண்டும். கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, கயிற்றைத் தூக்கிப் பிடித்து, “மாரி” என்றார். மலாயில் ‘வாருங்கள்’. தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவே அக்கா நினைத்திருப்பார்.

கித்தானை விலக்கியதும் அந்தோணி பின்வாங்கினார். “வேணாம் மேரி. கேன்சல் பண்ணிடலாம். பொணம் கெடந்த எடத்துல குடும்பம் நடத்துறதா?”

அக்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரமப்பட்டு மண்டியிட்டார். சிலுவை போட்டுக்கொண்டு, உதடு அசைய நெடுநேரம் செபித்தார். பிறகு கணவரிடம் திரும்பினார்.

“நம்ம கோயிலுக்குப் பின்னாடி கல்லறை இல்லியா? அதுக்குப் பயந்து பூசைக்குப் போகாமலா இருக்கோம்? இவளும் இங்க வீடு வச்சிருந்தவதானே.”

டாக்டர் என்னிடம் அதற்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் பரவியது. சிலர் வீடு வேண்டாமென்று விலகிக்கொண்டார்கள். டாக்டருக்கு நிறுவனத்திடமிருந்து நல்ல வசவு. எலும்புகளைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் அனுப்பிவைத்ததும் எங்களைக் கிளம்பச் சொன்னார்கள். மேட்டில் பாதிதான் தோண்டியிருந்தோம். மீதியை ஒரே நாளில் புல்டோசர் நிரவியது. உண்மையைச் சொன்னதற்கு வருத்தமா என்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது டாக்டரிடம் கேட்டேன். “மேட்டுக்காக வருத்தம் இருக்கிறது. அதற்காக இல்லை” என்றார்.

மேரி அக்காவுக்கு மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுச் சாவி கைக்கு வந்தது. பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். கல்லறைத் திருநாள் தோறும் கொல்லைப்புறத்தில் மேட்டில் கிடந்தவளுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்போவதாகச் சொன்னார். “பேரு தெரியாட்டி என்ன? சாமிக்குத் தெரியும்.”

கொய்தியாவ் சாப்பிட்ட மறுநாள், மனசு கேட்காமல், பல வருடம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா குடும்பம் ஜொகூருக்குப் போய்விட்டதாம். வாடகைக்கு இருந்த இளம்பெண் கேட்டைத் திறக்காமலே பேசினாள்.

“இங்க முன்ன என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?” என்று கேட்டேன்.

“செம்பனைன்னு சொன்னாங்க, அக்கா.”

நான் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்; கொல்லைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “நாங்க எதாச்சும் செய்யணுமா, அக்கா?”

“ஒண்ணும் வேணாம்மா” என்றேன்.

தெருமுனை வரை நடந்தேன். மேடு இல்லை. நாங்கள் கைகழுவிய ஓடை சிமெண்டுச் சாக்கடையாகிவிட்டது. டாக்டர் ரொஹானா காலமாகி நாளாயிற்று. கம்பக்குழிகளின் கறுப்பு வட்டங்களோ, நாங்கள் தோண்டி எடுத்த அன்றே காணாமல் போனவை. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே நிறத்தில் தார் போட்டிருந்தார்கள். அவள் கிடந்த வடக்கு ஓரம் எது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.