பெயர் வெட்டிய போகணி

என் அடுப்படியில் பால் காய்ச்சுகிற எவர்சில்வர் போகணியின் விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயர் வெட்டியிருக்கிறது. அவளுடைய கல்யாணச் சீரில் வந்த போகணி. முதலெழுத்து தேய்ந்துவிட்டது, மீதியை விரலால் தடவியே வாசித்துவிடலாம். காலையில் அதை அடுப்பில் வைக்கும்போதெல்லாம் புரோக்கர் அண்ணாச்சி ஞாபகம் வந்துவிடும். பால் பொங்குவதற்கு முன்னால் எனக்குப் பொங்கிவிடும்.

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை கிடைத்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அப்பா போனபின் நானும் அம்மாவும் தேவதானத்தில் சித்தப்பா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தோம். அங்கே அம்மா இரண்டாவது தடவை காப்பி குடித்தால், அது யார் வீட்டுப் பால் என்று சித்தி சாடையாக ஞாபகப்படுத்துவாள். "ஒரே மாசம்மா, வீடு பிடிச்சு உன்னக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வீடு பிடிப்பதும் டிரங்க் கால் போட்டுக் கொடுப்பதும் ஒன்று என்று எனக்கு நினைப்பு. ஐந்து வீட்டில் கேட்டேன். "வீட்டுல ஆம்பள யாரு?" என்ற கேள்வியோடு ஐந்து கதவும் சாத்திக்கொண்டன.

பிறகுதான் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். ஓட்டைச் சைக்கிள், இடுப்பில் சாவிக்கொத்து, வாய் நிறைய வெற்றிலை. "வீடு பாக்குறது பொண்ணு பாக்குற மாதிரி, பாப்பா. உள்ளத உள்ளபடி சொன்னா ஒண்ணும் அமையாது" என்பார். வீட்டுக்கார அம்மாளிடம் எனக்கு ஒரு அண்ணன் இருப்பதாகவும், அவன் பட்டாளத்தில் இருப்பதாகவும் சொல்லி, மூன்றே நாளில் ஓர் ஓட்டு வீட்டை முடித்துக் கொடுத்தார். பிறக்காத அண்ணனை எல்லைக்கு அனுப்பிவிட்டார் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தப் பொய்யில் நானும் கூட்டு.

பால் காய்ச்சுகிற நாள் விடியற்காலையிலேயே அம்மா வந்துவிட்டாள். ஒரு டிரங்குப் பெட்டி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த இந்தப் போகணி, அவ்வளவுதான். தனக்கென்று ஒரு அடுப்பை அவள் பற்றவைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வாசலில் வைத்து அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். "பாப்பா, ஓனரம்மா பாத்துக்கிட்டு நிக்காவ. அம்மாவச் செத்த நேரம் தெருமுக்குல நிக்கச் சொல்லு. பால் பொங்குன பொறவு வரட்டும். நீ கன்னிப் பொண்ணு, ஒண்ணும் குத்தமில்ல, நீயே அடுப்ப வையி."

ஒரு நாளைக்கு நூறு பேருக்குப் பேச வழி செய்து கொடுக்கிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஆறாவது கதவும் சாத்திக்கொண்டால்? திரும்பவும் சித்தி வீட்டுக் காப்பியா? நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். போகணியை என் கையில் திணித்து, "உள்ள போடி, நல்ல நேரம் போகுது" என்றாள். அண்ணாச்சி அவளைத் தெருமுனைவரை பதவிசாகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்து, சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, வலது காலை வைத்து முதல் ஆளாக உள்ளே போனார். நான் பின்னால் போய் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். அம்மாவின் பெயர் வீட்டுக்குள் இருந்தது. அம்மா தெருவில் இருந்தாள்.

அவள் நின்ற இடம் ஒரு பால்கோவாக் கடையின் பின்பக்கம். அங்கே விடியுமுன்னே பால் கொதிக்க ஆரம்பித்துவிடும். பால்கோவாவைப் பொட்டலம் போடுகிற பெண்களில் எத்தனை பேருக்குக் கழுத்தில் தாலி இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அதைத்தான் கல்யாண வீட்டில் சீர்த்தட்டில் வைக்கிறார்கள்.

பால் பொங்கியபின் அம்மா உள்ளே வந்து ஒரு வாய் குடித்து, "சீனி கூடிருச்சு" என்றாள். மத்தியானம் கொடிக்கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, சாதாரணமாகச் சொன்னாள்: "பாவம்டி அந்த மனுசன். அவருக்கும் வீட்டுல இல்லையாம். போன வருசம் தவறிட்டாவளாம். 'நானும் ஒங்கள மாதிரித்தான் தாயி, மனசுல வச்சுக்கிடாதீய'ன்னு என்னத் தேத்திட்டுப் போறாரு."

அந்த 'ஒங்கள மாதிரித்தான்' என்ற சொல்லில் இருந்த கோளாறு அம்மாவுக்கும் தெரியவில்லை, சொன்னவருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் காலை டீக்கடைக்கே போய், பத்துப் பேர் பார்க்கக் கேட்டேன். "அண்ணாச்சி, எங்கம்மா வெளிய நிக்கணும்னா, நீங்க எப்படி உள்ள வந்தீய?"

அவர் கோபப்படவே இல்லை. கணக்கு விளங்காத பையன்போல என்னைப் பார்த்தார். "நானா? நான் சாவி கொண்டு வந்தவம்லா, பாப்பா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "டெலிபோன்காரப் பிள்ளைக்கு எம்புட்டு வாயி பாருங்க" என்றான் ஒருவன். அண்ணாச்சி அவனை அதட்டிவிட்டு எனக்கு ஒரு டீ சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். நான் டீயைத் தொடாமல் திரும்பி வந்தேன்.

மூன்று வருஷம் கழித்து ராஜபாளையத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே புரோக்கர் யாரும் இல்லை. கூட வேலை பார்த்த தெலுங்கு பேசுகிற அக்கா சொல்லிவிட்ட வீடு. வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். தெருமுனையில் போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாள். கையைப் பிடித்து இழுத்தேன். "ஏட்டி, பால் பொங்கட்டும், வாரேன்" என்றாள். எவ்வளவு கத்தியும் வரவில்லை. எனக்கு நேரமாகிவிட்டது. நானே பற்றவைத்தேன், இரண்டாவது தடவையாக.

அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். இப்போது நான் இருப்பதும் வாடகை வீடுதான். காலையில் பாலை வைக்கும்போது அந்தப் புள்ளி எழுத்துகள் உள்ளே இருக்கின்றன, அவள் இல்லை. இதற்கு யாரைக் கோபிக்க முடியும்? ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் காலையில் அவள் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், வீட்டைப் பார்த்தபடி. நான் கூப்பிடாமல், குனிந்து, ஸ்டவ்வுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.