எம் மருமவ மேரி போட்ட சிமெண்ட் பாதை

எம் பெரிய பேரன் நர்சிங் முடிச்சி மஸ்கட்டுல வேலைக்குச் சேந்துட்டான். அடுத்தது பேத்தி, பி.காம்.ல காலேஜுலயே ரெண்டாவதா வந்தா... மேடையில கூப்பிட்டுக் கப்பு குடுத்தாங்க. சின்னவ கபடி ஆடறா. முட்டியெல்லாம் சிராய்ப்பு, ஆனா மாவட்டம் தாண்டிப் போயி ஜெயிச்சிட்டு வந்தா.

இதையெல்லாம் இங்க நம்ம குடும்ப குரூப்புல எழுதினா எல்லாரும் கை தட்டுறீங்க. சந்தோசம். ஆனா இதுங்களப் பெத்தவ, எம் மருமவ மேரி, அவ செஞ்ச ஒரு வேலைய நான் இன்னும் எழுதவே இல்ல. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

அப்பல்லாம் மழை பெஞ்சா எங்க வாசல்ல ஒரு வாசனை வரும்... பச்சைக் களிமண்ணும் சூளைப் புகையும் கலந்தாப்பல. வாசனைக்கு நல்லாருக்கும். காலு வச்சாதான் தெரியும். செருப்பப் புடிச்சா வுடாது.

அந்த மண்ணுலதான் எங்க வூட்டுக்காரரு வழுக்கி வுழுந்து இடுப்பெலும்ப ஒடைச்சிக்கிட்டாரு.

ஆபரேசன் ஆயி, வாக்கர் புடிச்சி வூட்டுக்குள்ள நடந்தாரு. வாசல்ல வச்சா வாக்கரோட நாலு காலும் மண்ணுல எறங்கிடும். கேட்டத் தாண்டி ஆட்டோவும் உள்ள வராது. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசைக்கு மணி அடிச்சா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. தெருக்காரங்க சேரோட தூக்கிட்டுப் போறோம்னு வந்தாங்க.

"பெட்டியில வச்சித் தூக்கறப்ப வாங்கடா"ன்னு அனுப்பிட்டாரு.

சாப்பாடும் கொறைஞ்சி போச்சி. "வெளிய நடக்கலன்னா அப்புறம் படுக்கைதான்"னு டாக்டரு சொல்லிட்டாரு. சிமெண்ட்டுல பாதை போட மேஸ்திரியக் கேட்டா, அவரு சொன்ன ரேட்டுக்கு ஒரு ரூமே கட்டிடலாம். எம் மவன் லாரி ஓட்டறவன், போனா வர நாளாவும்.

மேரிதான், "ஐப்பசி மழைக்குள்ள நானே போட்டுடறேன் அத்தை"ன்னா.

அவளுக்கு பீங்கான் பொம்மை செய்யற கம்பெனியில வேலை. அங்க ஒடைஞ்சத மூலையில கொட்டி வச்சிருப்பாங்க. மொதலாளியக் கேட்டு, சாயங்காலம் சாக்குல கட்டி சைக்கிள்ல கொண்டாந்தா. வாசல்ல பள்ளம் வெட்டி, அத்தனையும் கொட்டி இடிச்சா. கை போன பொம்மை, தலை போன பொம்மை...

"எங் காலுக்கு இம்மாம் பேரு பலியா"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. படுத்த பொறவு அன்னிக்குத்தான் சிரிச்சாரு.

பழைய கட்டில் பலகைய ரெண்டு பக்கமும் அண்டக் குடுத்து, சிமெண்ட்டு, மணலு, ஜல்லி கலந்து ஊத்தினா. வாக்கர் வழுக்காம இருக்க, ஈரத்துலயே தொடப்பத்தால கோடு கோடா இழுத்து வுட்டா. பாக்க அம்மாம் அழகு.

மண்ணு சாமான் சுடற ஊரு இல்லியா, இங்கதான் எங்க ஊரு புத்தி வேலை செஞ்சிது.

சூளையில வைக்கற வரைக்கும் பச்சை மண்ணு சாமான் மேல சொட்டுத் தண்ணி படக்கூடாது. எங்க மூணு பேருக்கும் அதே பழக்கம். கட்டடம் கட்டறவங்க செவுத்துக்குத் தண்ணி அடிக்கறதப் பாத்திருக்கோம், ஆனா எங்க பாதைன்னு வந்ததும் அது தோணவே இல்ல. அவரு கதவாண்ட சேரு போட்டுக் குச்சியோட காவலு. கோழி வந்தா வெரட்டுவாரு. நான் பாத்திரம் கழுவின தண்ணிய பின்பக்கமா சுத்திக் கொண்டு போயி ஊத்துவேன். கேட்டாண்ட குழாயி மட்டும் ஒழுவிக்கிட்டே இருக்கும்.

"அந்தக் குழாய மாத்துங்கன்னா மாத்துறீங்களா... அங்க பாதை கரையப் போவுது பாருங்க"ன்னு அவருக்கு ஒரே எரிச்சல்.

வெய்யில்ல ஒரு வாரத்துல வெடிப்பு வுட்டுடுச்சி. பெருக்கினா மாவு மாவா வருது. அவரு சேர உள்ள போடச் சொல்லிட்டாரு.

மேரி போயி சுத்தியல எடுத்தாந்தா. கம்பெனியில சாமானத் தட்டிப் பாத்து எடுப்பாங்க இல்ல, அது மாதிரி குந்திக்கிட்டே தட்டிக்கிட்டுப் போனா. பொத்து... பொத்துன்னு கேட்டுது. குழாய்க்கிட்ட போனதும் ணங்குன்னுச்சி. இன்னொரு தட்டு தட்டினா. ணங்கு.

"மாமா, தண்ணி பட்ட எடந்தான் நல்லாருக்குது."

"அதெப்படி?"

"இது நம்ம மண்ணு மாதிரி இல்ல மாமா. காய வைக்கக் கூடாது போல."

கெட்டுப் போன எடத்தப் பேத்து அதையும் அடியில போட்டு இடிச்சி, மறுபடி ஊத்தினா. ஒரு சலிப்புச் சொல்லு வாயில வரல. இந்த வாட்டி மேல சாக்கப் போட்டு, காலையிலயும் சாயங்காலமும் தண்ணி. அவரு சேரு மறுபடி கதவாண்ட வந்துடுச்சி. "மேரி, சாக்கு காயுதும்மா"ன்னு குளிக்கப் போனவளக் கூட வுடமாட்டாரு.

"காவலுக்கு உங்கள வுட்டா ஆளில்ல மாமா"ன்னு உள்ளேருந்தே சொல்லுவா.

மொத மழை வுட்ட ஞாயித்துக்கெழம, வேட்டி கட்டி, வாக்கர எடுத்து வெளிய வச்சாரு. எறங்கல. அவரா நடந்தாரு. நான் பக்கத்துல ஒட்டிக்கிட்டுப் போனா, "தள்ளுடி, உனக்கும் சேத்தா அகலம் போட்டிருக்கா?"ன்னாரு. கேட்டாண்ட போயி நின்னு, வாக்கரால தரைய ஒரு குத்து குத்தினாரு. ஆயுசு பூரா சூளையில வேலை செஞ்ச மனுசன். வாயத் தொறந்து யாரையும் மெச்ச மாட்டாரு.

"சூளையில வைக்காமலே வெந்துடுச்சேம்மா"ன்னாரு.

ஆட்டோ ஏறுமுன்ன சேறு கழுவி வுடலாம்னு செம்புல தண்ணி கொண்டாந்த மேரி, அவரு காலப் பாத்துட்டு செம்போட அப்பிடியே நின்னா.

அதுக்கப்புறம் ஒரு பூசை அவரு வுடல. இப்ப வாக்கர் கூட இல்ல, ஒரு தடிதான். பக்கத்துத் தெருவுல பாதை போடணும்னா மேரியத்தான் கூப்புடறாங்க. அந்த மண்ணு வாசனைதான் இப்பல்லாம் வாசல்ல வர்றதில்ல... பரவால்ல.

ஆனா நம்ம குரூப்பு பேருக்கு மேல இன்னும் பழைய போட்டோதான் இருக்குது. பெரியவன் சர்ச்சுல மொத மொதலா புதுநன்மை வாங்கின அன்னிக்கு, மழையில, வாசல்ல எடுத்தது. ஒருத்தரு மூஞ்சியும் அதுல தெரியல. பொடவையத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு எல்லாரும் காலையே பாத்துக்கிட்டு நிக்கறோம்.

கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் வரீங்க இல்ல... பாதை மேல நின்னு புதுசா ஒண்ணு எடுத்துப் போடுங்க கண்ணுங்களா. மேரி நடுவுல நிக்கட்டும். எல்லாரும் நேராப் பாருங்க.